மெம்பிரேனுக்கு வயிற்றுவலி வராது

யாங்கோனிலேயே மிகச் சுத்தமான தண்ணீர் ஒரு பங்குனி மாதத்தில் தார் ரோட்டில் கொட்டப்பட்டது. கொட்டியவர்கள் கும்பிட்டுக்கொண்டே கொட்டினார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிற வயதில் இதெல்லாம் ஆகாது என்று மனைவி சொல்கிறாள். அவள் சொல்லலாம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் அவள் மூச்சு இருந்தது, அவளே மன்னித்தும்விட்டாள். நான் மன்னிப்பதாக இல்லை.

பெரும்புயல் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. யாங்கோனின் ஓரத்தில் தாகேதா என்கிற பேட்டையின் கடைசியில், வார்டு முடிந்து சேறு ஆரம்பிக்கிற இடத்தில், எங்களுக்கு ஒரு கருப்பட்டிக் கொட்டகை இருந்தது. எங்களுக்கு என்றால் என் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குவது, அதைப் படிப்பது, எப்போதாவது எதையாவது எழுதுவது, படித்ததைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்பார்களா என்று காத்திருப்பது, இவைதான் என் முழுநேர வேலை. மிச்ச நேரத்தில் நகரத்துக்குள் லான்மடாவ் கடைகளுக்குக் கருப்பட்டி கொண்டுபோய்ப் போடுவேன்.

ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் நம் ஆட்கள் பனை ஏறி இறக்கிய பதநீர் விடிந்தும் விடியாமலும் பிக்கப் வண்டியில் வந்து சேரும். அதைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவது மனைவியின் வேலை. காலையில் மூட்டிய அடுப்பு விளக்கு வைக்கிற நேரம்வரை எரியும். மரத்தூள், உமி, உடைந்த பெட்டிச் சட்டம், எது மலிவாகக் கிடைத்ததோ அது எரியும். மலிவானது எரிவதைவிடப் புகைவதில்தான் கெட்டி. முதலில் அந்தப் புகை அவள் மூக்கை வாங்கிக்கொண்டது. சோறு அடிப்பிடித்தால் நான்தான் சொல்ல வேண்டும். அப்புறம் மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது. ராத்திரி அவள் மூச்சு இழுக்கிற சத்தம் பழைய கதவைத் திறந்து மூடுகிற மாதிரி கேட்கும். பசுந்தாங்கில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இன்னும் சில வருஷம் இப்படி நின்றால் படி ஏற முடியாது, அதற்குப் பிறகு படுக்கவும் முடியாது, உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும் என்று அவர் பர்மியில் மிக மரியாதையாகச் சொன்னார். புகையை விட்டுவிடும்மா என்றார். விட்டுவிட்டு எதைத் தின்பது என்று இவள் அதே மரியாதையோடு கேட்டாள். டாக்டரிடம் அதற்கு மருந்து இல்லை.

மருந்து கனடாவிலிருந்து வந்தது. மச்சானுடைய சிநேகிதர் ஒருவர் அங்கே போய், மேப்பிள் மரத்தில் துளை போட்டு நீர் இறக்கிப் பாகு காய்ச்சுகிற பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த நீர் கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீராம். அதை அப்படியே காய்ச்சினால் காட்டையே எரிக்க வேண்டியிருக்கும் என்பதால், முதலில் ஒரு மெஷினில் விட்டுத் தண்ணீரைப் பிரித்து எடுத்துவிட்டு, மிஞ்சியதைத்தான் அடுப்பில் வைப்பார்களாம். மச்சான் இதைக் கேட்டுவிட்டு வந்து, மரத்து நீருக்குச் செய்வதைப் பனை நீருக்குச் செய்தால் என்ன என்றார். கேள்வி நல்ல கேள்வி. அதை அவருக்கு வரவு வைக்கத்தான் வேண்டும். எனக்கு மனசில்லாவிட்டாலும் வைக்கிறேன்.

தண்ணீர் பாட்டில் கம்பெனிகளுக்கு ஆர்.ஓ. மெஷின் கட்டித் தருகிற பட்டறை ஒன்றில் பம்பும் இரும்புக் குழலும் சேர்த்தார். உள்ளே போகிற மெம்பிரேன் சிங்கப்பூரிலிருந்து யாருடைய பெட்டியிலோ சேலைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தது. பார்ப்பதற்கு இறுகச் சுருட்டிய பாய். சுருளுக்குள் மடிப்பு மடிப்பாக மெல்லிய சவ்வு. பதநீரை அழுத்தித் தள்ளினால் தண்ணீர் மட்டும் அந்தச் சவ்வை ஊடுருவி நடுக்குழாய் வழியாகச் சொட்டும். சர்க்கரைக்கு அந்த வாசல் சின்னது. உள்ளே போக முடியாமல் கெட்டியாகி வேறு வழியாக வெளியே வரும். மேப்பிளுக்கு முக்கால்வாசித் தண்ணீரைப் பிரிக்கிறார்களாம். பதநீர் பிறக்கும்போதே இனிப்பு, அவ்வளவு முடியவில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிரிந்தது. அது போதும். அடுப்பு மத்தியானமே அணைந்தது.

அந்த முதல் பருவத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி கொட்டகைக்கு வெளியே ஒரு கவிழ்த்த கூடையின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பாள். சும்மா மூச்சு விடுவாள். நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் மெம்பிரேன் என்பது மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி. வந்தால் போதாது, கவனிக்க வேண்டும். மெஷினோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு வந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பாவத்துக்குக் கழுவுகிற வேலை என் தலையில் விழுந்தது. மேப்பிள் விவசாயிகளுக்காக எழுதிய கையேடு. முதல் அதிகாரம் முழுக்க, கடுங்குளிரில் மெம்பிரேன் உறைந்துபோகாமல் காப்பது எப்படி என்பதைப் பற்றி. பங்குனி வெயிலில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க அதை வரி விடாமல் வாசித்தேன். கற்றது வீண்போகாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீண்தான் போயிற்று.

குளிர்நாட்டில் நீர் கெடாமல் நிற்கும். இங்கே பதநீர் குழலுக்குள் கொஞ்சம் தங்கினாலும் கள்ளாகிவிடும். புளித்த கசடு சவ்வின்மேல் பாசிபோலப் படியும். போதாததற்குப் பதநீர் புளிக்காமல் இருக்கப் பானையில் தடவுகிற சுண்ணாம்பு. தெளிய வைத்து, துணியில் வடித்து விட்டாலும், அது கூடவே வந்து சவ்வில் வெள்ளையாகப் பொரிந்துவிடும். கையேடு எழுதியவருக்குச் சுண்ணாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் ஊர் மரத்துக்கு வெற்றிலை பாக்கு போடுகிற பழக்கம் இல்லை போலிருக்கிறது.

ஆகவே தினமும் மெஷின் ஓட்டம் முடிந்ததும் கழுவல். முதலில் மெஷினே பிரித்துக் கொடுத்த சுத்தத் தண்ணீரை விட்டு, வெளியே வருவதில் இனிப்பு இல்லை என்கிறவரை அலச வேண்டும். இனிப்பு இல்லை என்று யார் சொல்வது? என் நாக்கு. கல்யாணமான நாள் முதல் குழம்பில் உப்புக் குறைச்சலைக் கண்டுபிடித்து வாங்கிக் கட்டிக்கொள்ள மட்டுமே பயன்பட்ட அந்த நாக்குக்குக் கடைசியில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. பிறகு காஸ்டிக் சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு, அதற்கு மேல் போனால் சுருளின் பசை விட்டுவிடும். கசடு கரைந்து டீ நிறத்தில் வரும். மறுபடி அலசல். சுண்ணாம்பு தட்டுப்பட்டால் எலுமிச்சை உப்புக் கரைசல், மறுபடியும் அலசல். முறை மாற்றிப் புளிப்பை முதலில் விட்டால் கசடு சவ்வோடு இறுகிப்போகும். எல்லாம் முடிந்தபின் குழல் நிறையச் சுத்தத் தண்ணீரைவிட்டு ஊறவைத்து மூட வேண்டும். காய்ந்தாலும் போச்சு.

மெஷின் பிரித்துத் தருகிற தண்ணீரில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்தக் கழுவலே குடித்துவிடும். மிச்சத்தை நீல டிரம்களில் பிடித்து மூடிவைத்திருப்பேன். மின்சாரம் வருவதும் போவதும் நம் கையில் இல்லாத ஊரில் அந்த டிரம்கள்தான் சேமிப்பு. மச்சானுக்கு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

"ஒரு ஏனத்த எத்தன வாட்டி மாப்ளே கழுவுவீங்க? காலையில குளிப்பாட்டுறீங்க, மருந்து குடுக்கிறீங்க, படுக்க வைக்கிறீங்க. தாலாட்டு ஒண்ணுதான் பாடல. இத்தன நல்ல தண்ணிய இப்படி ஊத்துறது பாவம்."

மச்சான் தர்மவான். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ சண்டை போட்டுப் பிரிந்திருப்பேன். பர்மிய வீடுகளுக்கு முன்னால் வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பானை வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, தண்ணீர் தருவதைவிடப் பெரிய குதோ கிடையாது என்று முடிவுகட்டியவர். புண்ணியம் என்று தமிழில் சொன்னால் அவருக்கு எடை குறைகிறது, குதோ என்று பர்மியில்தான் சொல்வார். பாலத்துக்கு அப்பால் பனை ஏறுகிறவர்களின் ஊரில் ஒரு கோயில். பங்குனியில் அங்கே காவடி எடுப்பார்கள். தண்ணீர்ப் பந்தல் மச்சானின் பொறுப்பு. காவடிக்காரர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் வரும்போது வழிநெடுகப் பெண்கள் நின்று அவர்கள் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

பிளீச்சிங் பவுடர் பட்டால் அந்தச் சவ்வு செத்துவிடும். கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே வரி அது. நான் அதைத் தமிழிலும் பர்மியிலும் பலகையில் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தேன்: பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. என் எழுத்துகளில் அதிகம் பேர் வாசித்தது அதுதான். மச்சானும் வாசித்தார்.

இரண்டாம் வருஷத் திருவிழாவுக்கு முதல் நாள். மறுநாள் முதல் பனை ஏறுகிறவர்களே காவடி எடுப்பதால் சில நாள் பதநீர் வராது, மெஷினுக்கும் ஓய்வு. ஓட்டம் முடிகிற நேரத்துக்கு நான் லான்மடாவ் போக வேண்டியிருந்தது. கழுவுவதை மனைவி பார்த்துக்கொண்டாள். என்னைவிடப் பொறுமையாகச் செய்வாள். டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்து, முறைப்படி அலசி, முறைப்படி ஊறவைத்து மூடினாள். டிரம்மைத் திறந்தபோது எழுந்த நெடி அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய மூக்கைப் புகை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் திருவிழாவில், உச்சி வெயிலில், மச்சானின் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. மண் ருசி இல்லை, இரும்பு ருசி இல்லை, ருசி என்றே ஒன்று இல்லை. தினமும் நாக்கில் விட்டுப் பார்க்கிற தண்ணீர் எனக்குத் தெரியாதா?

மச்சான் விபூதியும் வியர்வையுமாக, புது லோஞ்சி கட்டிக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு நின்றார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"நம்ம கொட்டாய்த் தண்ணிதான் மாப்ளே. பன்னீர் கணக்கா இருக்குன்னு சனம் சொல்லுது."

"டிரம்மெல்லாம் நேத்துப் பாத்தப்ப நெறஞ்சுதானே இருந்துச்சு?"

"காலியா வப்பேனா நானு? நேத்துக் காலையில எடுத்தேன், எடுத்த கையோட கோயில் தொட்டித் தண்ணிய ஊத்தி வச்சிட்டேன்ல. தொட்டியில கமிட்டிக்காரங்க பிளீச்சிங் பவுடர அள்ளிக் கொட்டிட்டாங்க, வாயில வைக்க முடியல. சாமி பாக்க வர்ற சனத்துக்கு அத எப்படிக் குடுக்கிறது? மெம்பிரேனுக்கென்ன, வயித்துவலியா வரப்போவுது?"

பலகையை ஞாபகப்படுத்தினேன். பவுடரைத் தான் கையால்கூடத் தொடவில்லை என்றும், கமிட்டிதான் போட்டது, அதுவும் தொட்டியில்தான், மெஷினில் இல்லை என்றும் விளக்கினார். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம். நான் பலகையில் எழுதிய ஒரே வரியை ஒருவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

மூன்று மொழியில் திட்டத் தெரிந்தவன் நான். அப்போது எந்த மொழியும் வரவில்லை. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மேளம், அரோகரா, பால்குடம். தண்ணீர் கொடுக்கிறவனை, தண்ணீர் கொடுத்ததற்காக, தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு நடுவே நின்று எப்படித் திட்டுவது? தர்மம் செய்கிறவனிடம் மாட்டிக்கொண்டவனுக்குக் கோபப்படுகிற உரிமைகூடக் கிடையாது. அன்றைக்கு அதுதான் என்னை எல்லாவற்றையும்விட எரித்தது.

மனைவியைத் தேடிப் போனேன். அவள் ரோட்டோரப் பெண்களோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில், மச்சான் எங்கள் கொட்டகைத் தண்ணீரை மொண்டு வந்த நீலக் குடுவை ஒன்று இருந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது. எதிரே ஒரு காவடிக்காரர், கொதிக்கிற தாரில் கால் மாற்றி மாற்றி நின்றபடி, அவள் ஊற்றுவதற்காகக் காத்திருந்தார். அவர் காலைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். பிறகு முழுக் குடத்தையும் நிதானமாக அவர் காலில் ஊற்றினாள். கும்பிட்டாள். காலிக் குடத்தை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, "வாங்க போவம்" என்றாள்.

லைன் கார் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பாலம் தாண்டினோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. டிரம்மைத் திறந்தபோதே நெடி அடித்திருக்குமா என்று அவள் கேட்க, நான் அங்கே இல்லையே என்றேன்.

கொட்டகையைத் திறந்ததும் நீச்சல் குளத்துக்குள் வந்த மாதிரி அடித்தது. குழலில் இருந்ததை வடித்தோம். அலசுவதற்குச் சுத்தத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, எல்லாம் ரோட்டில் ஆவியாகிக்கொண்டிருந்தது. வார்டுக் கடைகளில் குடிதண்ணீர் ஜாடிகளை வாங்கிச் சுமந்து வந்தேன். மெம்பிரேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி மெம்பிரேனைக் கழுவுகிற மனிதன் என்று என்னை நானே வேடிக்கை பார்த்தேன். பம்பைப் போட்டால் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரைத் தேடினால் அதுவும் இல்லை. அதுவும் கோயிலில்தான் இருந்தது. நான் மச்சானோடு பேச முடியாமல் நின்றேனே, அந்த ஒலிபெருக்கி எங்கள் ஜெனரேட்டரில்தான் அலறிக்கொண்டிருந்தது.

காத்திருந்தோம். சாயங்காலம் வார்டு முழுக்கப் பிள்ளைகள், கிழவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "மீ லாப்பீ" என்று கத்தினார்கள். மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரே சந்தோஷம். அன்றைக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. பம்பைப் போட்டு அலசினேன். தீ அணைந்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான்.

திருவிழா முடிந்து முதல் பதநீர் வந்தது. மெஷினை ஓட்டினோம். சுத்தத் தண்ணீர் முன்னைவிட வேகமாகக் கொட்டியது. அதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், மடையன். டம்ளரில் பிடித்து நாக்கில் விட்டேன். இனித்தது. மனைவியிடம் நீட்டினேன். அவள் குடித்துப் பார்த்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். சவ்வு கிழிந்த கொசுவலை ஆகிவிட்டது. இனிமேல் பதநீரை அதில் விடுவதும் விடாததும் ஒன்று. அவள் எழுந்துபோய் அடுப்பில் மரத்தூளை அள்ளிப் போட்டாள். மத்தியானம் வந்தது, போனது. அடுப்பு அணையவில்லை.

ஒரு வாரம் அவள் அப்படிப் புகையில் நின்ற பிறகுதான் மச்சான் பிரசாதத்தோடு வந்தார். அவருக்காக ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். மேற்கோள்கள் எல்லாம் உண்டு. அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் வாயிலிருந்து வந்தது, "வாங்க மச்சான், உக்காருங்க." அவர் உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டார். புது மெம்பிரேன் வர எப்படியும் பருவம் முடிந்துவிடும், சிங்கப்பூரிலிருந்து ஆள் வர வேண்டும், அதுவரை சமாளிக்கத்தான் வேண்டும் என்றார். "ஆனா ஒண்ணு மாப்ளே, எத்தன சனம் தாகம் தீந்துச்சு. அந்தக் குதோவுல ஒங்களுக்கும் பங்கிருக்கு."

நான் எழுந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அடுப்படியிலிருந்து மனைவி இருமிக்கொண்டே வந்தாள். நீளத் துடுப்பை அண்ணன் மடிமேல் வைத்தாள்.

"சமாளிக்கணும்ல அண்ணே. நீங்க கிண்டுங்க. எனக்கு முடியல."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வெளியே போய்க் கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கொப்பரையில் பாகு பொங்க ஆரம்பித்தது. விட்டால் தீய்ந்துவிடும். கருப்பட்டிக் குடும்பத்தில் பிறந்தவர், தீய விடுவாரா? எழுந்தார். புது லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

மறுநாளும் அவள் துடுப்பைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும். மச்சானுக்குக் கண் சிவந்து வீங்கியது. கமிட்டிக்காரர்கள் தேடிவந்தால் புகைக்குள்ளிருந்தே பதில் சொன்னார். அவரை மாற்றிவிட நான் ஒரு தரம் போனேன். "நீங்க பொஸ்தகம் படிங்க" என்று மனைவி கூடையிலிருந்தே சொன்னாள். அப்படியொரு கட்டளையை அவள் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு இட்டதில்லை. படித்தேன். ஒரு வரி ஏறவில்லை, ஆனால் மிகவும் ரசித்துப் படித்தேன்.

ஒருநாள் அவர் இருமி முடித்துவிட்டு, துடுப்பில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "எப்படிம்மா இத்தன வருசமா இதுக்குள்ள நின்னே?"

"நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

பருவம் முடிந்த பிறகுதான் வரும் என்ற மெம்பிரேன் பருவத்துக்கு நடுவிலேயே வந்து சேர்ந்தது. அவரே விமான நிலையம் போய், அவரே சுமந்துகொண்டு வந்தார். சிங்கப்பூர் அவ்வளவு பக்கத்தில் இருப்பதை அவர் அதுவரை கவனிக்கவில்லை. மத்தியானத்தில் அடுப்பு மறுபடி அணைந்தது. ஆனால் அத்தனை வருஷத்திலும் அந்த ஒரு வாரத்திலும் அவளுக்கு நெஞ்சில் போனது திரும்பி வரவில்லை. இன்றைக்கும் மாடிப்படியின் பாதியில் நின்றுதான் ஏறுகிறாள். அவள் நிற்கும்போது நானும் நிற்கிறேன். அப்போதெல்லாம் அந்தப் பிரசங்கத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். வருஷத்துக்கு வருஷம் மெருகேறி வருகிறது.

அடுத்த பங்குனிக்கு மச்சான் டிரம்களைத் தொடாமல், வாசலிலேயே நின்று தண்ணீர் கேட்டார். பந்தலுக்குக் கொஞ்சம் கிடைக்குமா, போன வருஷத் தண்ணீரைச் சனம் இன்னும் பேசுகிறது என்றார். கழுவி முடித்து மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கழுவுவதும் நீங்கள்தான் என்று மனைவி சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அலசினார், காஸ்டிக் சோடா சுற்றவிட்டார், கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தார், எலுமிச்சை உப்புக் கரைத்தார், ஒவ்வோர் அலசலுக்குப் பிறகும் டம்ளரில் பிடித்து நாக்கில் விட்டுக் கண்ணை மூடி யோசித்தார். கடைசியில் என்னிடம் நீட்டி, இனிப்புச் சுத்தமாக இல்லை என்றார்.

வாங்கிக் குடித்துப் பார்த்தேன். இல்லைதான். இருந்தாலும் இன்னொரு தரம் அலசச் சொன்னேன்.